கூடுதுறையில் தக்கை: முடிச்சு எத்தனை அடியில்?

ஆகஸ்ட் 4 (கேள்வி)

போர்ட்லாந்து பக்கம் இருக்கேங்க. மூணு வாரமா சனி ஞாயிறு தவறாம டிரேனோ ஏரிக்குப் போறேன். லிட்டில் ஒயிட் சால்மன் ஆறு கொலம்பியாவுல வந்து சேர்ற இடம். பக்கத்துப் படகுல ஆளுக்கு ஒண்ணு எடுக்கறாங்க. என் தூண்டில் தக்கை மட்டும் அரசமரத்தடிப் புள்ளையாராட்டம் உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கு. சாயம் போட்ட இறால், ஜிக் (ஈயமும் மயிரும் கட்டின முள்ளு), எல்லாம் மாத்திப் பாத்தாச்சு. கோடையில ஆத்துல ஏறற ஸ்டீல்ஹெட் மீனுக்கு எந்தக் கலர் எடுபடும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஆகஸ்ட் 5

கலரை விடுங்க. முடிச்சு எத்தனை அடியில இருக்குன்னு நீங்க எழுதவே இல்லை.

தக்கை தூண்டில் நரம்புல வழுக்கி ஓடணும். அது மேல ஏறாம நிறுத்த ஒரு நூல் முடிச்சும் ஒரு பாசிமணியும் இருக்கும். வீசறதுக்கு முன்னாடி முடிச்சு ரீலுக்குள்ள சுருண்டு கிடக்கும். தண்ணியில விழுந்ததும் ஈயம் நரம்பை இழுத்துக்கிட்டு இறங்கும், முடிச்சு வந்து மணியில இடிச்சதும் தக்கை நிமிர்ந்து நிக்கும். முடிச்சுல இருந்து முள்ளு வரைக்கும் எத்தனை அடியோ அத்தனை அடியிலதான் உங்க இரை தொங்குது. முதல் வருஷம் பூரா நான் 6 அடியில வெச்சிருந்தேன். ஏன் 6? கடையில கட்டிக் கொடுத்தது அப்படி. ஒரு கோடை முழுக்க மீனே இல்லாத தண்ணியில இறாலைக் குளிப்பாட்டிட்டு வீட்டுக்கு வந்திருக்கேன்.

டிரேனோவுல ரெண்டு தண்ணி இருக்கு. கொலம்பியாவோட வெதுவெதுப்பான தண்ணி மேலாப்புல பரவி நிக்கும். ஆத்துல இருந்து வர்ற குளிர்தண்ணி கனம், அது அடியில போயிடும். மீன் நிக்கறது அந்தக் குளிர்ல. ஆகவே முதல்ல குளிர் எத்தனாவது அடியில ஆரம்பிக்குதுன்னு பாருங்க. இதுக்கு மிஷின் எல்லாம் வேண்டாம். ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள்ள மீன்தொட்டித் தெர்மாமீட்டரைப் போட்டு, அடியில கல்லைக் கட்டி, வாயைத் தக்கையால லேசா அடைச்சு, அந்தத் தக்கையையும் கயித்தோட சேத்துக் கட்டிடுங்க. கயித்துல அடிக்கு ஒரு முடிச்சு. வேணுங்கற ஆழத்துக்கு இறக்கி வெடுக்குனு ஒரு இழுப்பு. தக்கை பிடுங்கிக்கும், அந்த ஆழத்துத் தண்ணி உள்ளே ரொம்பும். ரெண்டு நிமிஷம் விட்டு மேல தூக்கிப் படிங்க.

போன சனிக்கிழமை காலை 7 மணிக்கு நான் எடுத்தது இது. 3 அடியில 20 டிகிரி, 8 அடியில 17, 12 அடியில 14, 16 அடியில 13. முடிச்சை 12 மீட்டர்ல வைங்க. ஸ்டீல்ஹெட் மேல பாத்து நிக்கிற மீன். தலைக்கு மேல தொங்கறதை ஏறி வந்து வாங்கும், வயித்துக்குக் கீழ கிடக்கறதைக் குனிஞ்சு எடுக்காது. அதனால ஆழத்துல தப்புப் பண்ணாலும் மேல்பக்கமா தப்புப் பண்ணுங்க.

மத்த சாமான் எல்லாம் ஊரே வெச்சிருக்கறதுதான். ஒன்பதரை அடி ராடு, 30 பவுண்டு பின்னல் நரம்பு, அதுக்குக் கீழ 12 பவுண்டு கண்ணாடி நரம்பு ரெண்டரை அடி, அரை அவுன்ஸ் தக்கை, அதுக்குத் தோதா ஈயம். பின்னல் நரம்பு மிதக்கும். அதனால காத்து அதை வளைச்சு இழுத்தாலும் தூக்கித் திருப்பிப் போட்டுக்கலாம். முங்கற நரம்பா இருந்தா தக்கையைக் கழுத்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும்.

ஆகஸ்ட் 5, இரவு

12 அடி. மீட்டர் இல்லை. மூணு பேர் வந்து சிரிச்சுட்டுப் போயிட்டீங்க, போதும். நான் நிக்கிற இடத்துல தண்ணியே 20 அடிதான். 12 மீட்டர்ல வெச்சா இறால் தரையில பாய் விரிச்சுப் படுத்துக்கும். வேலையில பூரா மீட்டர், ஏரியில அடி, ஊர்ல முழம். கை எதை எழுதுதோ அதுதான்.

ஆகஸ்ட் 8

"ஆறு கூடற இடத்துல இரை அடிச்சுக்கிட்டு வரும், அதைத் தின்ன மீன் கூடும்"னு ரெண்டு வருஷம் முன்னாடி இங்கேயே நான் எழுதியிருக்கேனாம். ஒருத்தர் தேடி எடுத்துப் போட்டிருக்கார். எழுதினது நான்தான். தப்பு.

நான் பவானிக்காரன். காவிரியும் பவானியும் சேர்ற கூடுதுறையில வளர்ந்தவன். அங்கே கெண்டையும் ஜிலேபியும் ரெண்டு தண்ணியும் உரசற வரப்புல நிக்கறது தின்னத்தான். அதே கணக்கை இங்கே கொண்டுவந்து போட்டுட்டேன். கோடை ஸ்டீல்ஹெட் கதை வேற. கடல்ல ஒண்ணு ரெண்டு வருஷம் தின்னு கொழுத்து, மே மாசத்துல இருந்து அக்டோபருக்குள்ள ஆத்துல ஏறுது. முட்டை போடப்போறது அடுத்த வசந்தத்துல. அது வரைக்கும் உடம்புல இருக்கற கொழுப்புதான் வண்டி ஓட்டுது. நான் அறுத்த மீன்ல பெரும்பாலும் இரைப்பை சுருங்கிப்போய் விரல் பருமன்தான் இருந்திருக்கு. குளிர்காலத்துல ஏறற ஸ்டீல்ஹெட் வேற ஜாதகம், அது முட்டையோட வந்து சீக்கிரமே வேலையை முடிச்சுடும்.

அப்போ டிரேனோவுல ஏன் நிக்குது? வெயிலுக்கு. ஆகஸ்ட்டுல கொலம்பியா 21, 22 டிகிரிக்குப் போயிடும். 20ஐ நெருங்கினாலே ஸ்டீல்ஹெட்டுக்கு மூச்சு முட்ட ஆரம்பிக்கும். வழியில எந்தச் சின்ன ஆறு குளிரா வந்து விழுதோ அங்கே ஒதுங்கிடும். அதுல பாதி மீனுக்கு மேல லிட்டில் ஒயிட் சால்மன்ல பொறந்ததே இல்லை. ஐடஹோ மாநிலத்துக்குப் போறது, டெஷூட்ஸ் ஆத்துக்குப் போறது, ஜான் டே ஆத்துக்குப் போறதுன்னு எல்லாம் வழிப்போக்கருங்க. நாள் கணக்குல, சிலது வாரக் கணக்குல தங்கும். கொலம்பியா ஆறினதும் கிளம்பிடும்.

இன்னொண்ணு. இது தனி ஜாதி மீன்னு நினைச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்கு: நீலகிரியில அவலாஞ்சியில வெள்ளைக்காரன் காலத்து ட்ரவுட் பண்ணை இருக்கே, அங்கே வளர்ற வானவில் ட்ரவுட்டும் இதுவும் ஒரே இனம். கடலுக்குப் போயிட்டு வந்தா ஸ்டீல்ஹெட், போகாட்டி ட்ரவுட். அமெரிக்கா போயிட்டு வந்தவனை ஊர்ல தனியா ஒரு பேர் வெச்சுக் கூப்பிடற மாதிரி.

ஆகஸ்ட் 9

டிரேனோங்கறது இங்கே சாக்கடை அடைப்பு எடுக்கற மருந்தோட பேருதான், ஆமா. ஏரிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. பானவில் அணை 1938ல வந்து கொலம்பியா மேல ஏறினப்போ ஆத்தோட வாய்ப்பகுதி முங்கிப்போச்சு. ரோடும் ரயிலும் போற கரை குறுக்கே நிக்கறதால உள்பக்கம் ஏரி மாதிரி ஆயிடுச்சு. பாலத்துக்கு அடியில இருக்கற இடுக்கு வழியாத்தான் மீன் உள்ளே வருது, படகும் வெளியே போகுது. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும்போது வேடிக்கைதான்.

ஆகஸ்ட் 13

தக்கை அசைஞ்சா உடனே வெட்டலாமான்னு, அதாவது ராடைச் சுண்டி முள்ளை மாட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. வெட்டணும். யோசிக்கக் கூடாது.

எங்கப்பா மயிலிறகுத் தண்டுலதான் தக்கை செய்வார். இறகைச் சீவி எறிஞ்சுட்டு, வெள்ளைத் தண்டுல ஒரு சாண் நறுக்கி, ரெண்டு முனையும் மெழுகு வெச்சு அடைச்சு, மேல்முனையில அம்மாவோட நகப்பூச்சைச் சிவப்பா ஒரு வளையம். தண்ணியில அது முக்கால்வாசி முங்கி நிக்கும். கெண்டை வந்து மூக்கால தொட்டாலே அந்தச் சிவப்பு வளையம் ஒரு நெல்லு அளவு இறங்கும். அந்த ஒரு நெல்லுக்கு அவர் கை அசையும். இங்கே கடையில விக்கிற அரை அவுன்ஸ் தக்கை முட்டைக்கோஸாட்டம் மிதக்குது. அது அசைஞ்சிருச்சுன்னா மீன் ஏற்கெனவே இரையைக் கடிச்சுத் துப்பிட்டுப் போயாச்சுன்னு அர்த்தம்.

ஈயத்தைக் கூட்டுங்க. தக்கையோட கலர் முனை மட்டும் வெளியே தெரியற அளவுக்கு. அரை அவுன்ஸ்னு போட்டிருக்கற தக்கைக்கு அரை அவுன்ஸ் ஈயம் போட்டும் பாதி வெளியே நின்னா தக்கைக்காரன் பொய் சொல்றான்னு அர்த்தம், இன்னும் ஒரு குண்டு சேருங்க.

ஆகஸ்ட் 14

மேல எழுதினதுல பாதியை வாபஸ் வாங்கிக்கறேன். கேமஸ் ஊர்ப் பக்கத்து வாசகர் ஒருத்தர் சொன்னது சரி. ஜிக்குன்னா உடனே வெட்டணும். அது ஈயமும் மயிரும், மீன் வாயில வெச்ச அடுத்த நொடி தெரிஞ்சுக்கும். இறாலுன்னா கொஞ்சம் பொறுக்கணும். இறாலை முதல்ல ஓரமா கவ்வும், தக்கை குலுங்கும், படுக்கும், கொஞ்சம் நகரும். அப்போ வெட்டினா இறால் தலை மட்டும் திரும்பி வரும். தக்கை முழுசா உள்ளே போய், "போயிருச்சு"ன்னு நீங்க வாய்விட்டுச் சொல்லி முடிச்ச பிறகு வெட்டுங்க.

நான் கெண்டைக்குப் பழகின கை. எத்தனையோ இறால் தலையைப் பாத்திருக்கேன்.

ஆகஸ்ட் 19

இது நீளமா வரும். வேலை இருக்கறவங்க அடுத்ததுக்குப் போயிடுங்க.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பெரியவரோட 14 அடிப் படகுல போனேன். வயசு எழுபத்தஞ்சுக்கு மேல, பேச்சு கம்மி, துடுப்புப் போடறது மட்டும் கேக்காமயே செய்வார். மேல்தண்ணி 21, 13 அடியில 14. முடிச்சு 12 அடியில. ஒன்பதே முக்காலுக்குத் தக்கை போச்சு. போனது குலுங்கி இல்லை, யாரோ கீழ இருந்து சுவிட்சை அமுக்கின மாதிரி. எட்டு நிமிஷம் ஆட்டம். ரெண்டு தடவை காத்துல எகிறுச்சு. பக்கத்துக்கு வந்ததும் முதுகுப்பக்கம் பாத்தேன். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவுல ஒரு குட்டிக் கொழுப்புத் துடுப்பு இருக்கும் பாருங்க, சுண்டுவிரல் நகம் அளவு. பண்ணையில வளர்த்து விடற மீனுக்கு அதைக் குஞ்சுலயே நறுக்கிடுவாங்க, அந்த இடத்துல தழும்புதான் இருக்கும். இதுக்குத் துடுப்பு முழுசா இருந்தது. காட்டு மீன். விட்டே ஆகணும். வாஷிங்டன்ல விடவேண்டிய மீனைத் தண்ணிக்கு வெளியே முழுசா தூக்கவே கூடாது. முள்ளோட நாக்கை நான் எப்பவும் குறட்டால நசுக்கித்தான் வெச்சிருப்பேன், அதனால ஒரு திருப்புல கழண்டுச்சு.

அதுக்குப் பிறகுதான் கஷ்டம். போகலை.

ஒரு கையில வால்கட்டையைப் பிடிச்சேன், இன்னொரு கை வயித்துக்கு அடியில. வயிறு ஜில்லுன்னு இருந்தது. என் முழங்கை நனைஞ்ச தண்ணி குழந்தைக்குக் குளிக்க ஊத்தற சூடு. ஒரே மீன், மேல் பாதிக்கு ஒரு காலம், கீழ் பாதிக்கு ஒரு காலம். செவுள் திறந்து மூடறதை எண்ணினேன். திறக்கும், ரொம்ப நேரம் கழிச்சு மூடும். விட்டா ஒருக்களிச்சுப் படுத்துக்கும். ஏரியில நீரோட்டம் கிடையாது, செவுளுக்குள்ள தண்ணி தானா போகாது. பெரியவர் ஒண்ணும் சொல்லலை, துடுப்பை எடுத்து மெதுவா முன்னாடி நகர்த்த ஆரம்பிச்சார். நான் படகு ஓரத்துல கவுந்து மீனை முன்னால பாக்கப் பிடிச்சுக்கிட்டே போனேன். ஆறு நிமிஷம். கடைசியில வால்ல ஒரு முறுக்கு வந்தது, கையை விட்டுக் கீழ போச்சு. நேரா நீந்திப் போகலை. சாய்ஞ்சு, வட்டம் போட்டு, இறங்குச்சு. பொழைச்சதா இல்லையாங்கறதை நான் பாக்கலை.

பெரியவர் கரைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "எட்டு நிமிஷம் ஜாஸ்தி"ன்னார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 20

"பிடிச்சு விட்டாச்சு, அப்புறம் என்ன பாவம்"னு ரெண்டு பேர். "அப்போ மீனே பிடிக்காதே, போய்க் கோயிலைச் சுத்து"ன்னு ஒருத்தர்.

தண்ணி சூடாக ஆக, பிடிச்சு விடற மீன்ல சாகறது கூடும். சூட்டுத் தண்ணியில பிராணவாயு குறைவு, ஓடி இளைச்ச உடம்புக்கு அது அதிகமா வேணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது. நாம குளிர்ல நிக்கிற மீனை எட்டு நிமிஷம் சூட்டுல ஓடவிட்டுட்டுத் தடவிக்கொடுத்து அனுப்பறோம்.

சுற்றுச்சூழல் துறைக்காரங்க 2021 ஜனவரியில கொலம்பியாவோட குளிர் ஒதுங்கிடங்களைப் பத்தி ஒரு திட்டம் வெளியிட்டாங்க. முக்கியமானது 12ன்னு அதுல இருக்கு. காலிட்ஸ், லூயிஸ், சாண்டி, விண்ட், ஹூட், கிளிக்கிடாட், டெஷூட்ஸ் எல்லாம் அதுல. நம்ம லிட்டில் ஒயிட் சால்மனும் அதுல. ஆரிகன்காரங்க டெஷூட்ஸ், ஹெர்மன் கிரீக், ஈகிள் கிரீக் வாய்ப்பகுதியில கோடையில தூண்டிலே போடக் கூடாதுன்னு விதி கொண்டுவந்தாங்க. டிரேனோ வாஷிங்டன் பக்கம். அங்கே எத்தனை எடுத்துக்கலாம், ராத்திரி போடலாமா, ஸ்டீல்ஹெட்டை வெச்சுக்கவே கூடாதாங்கறது வருஷத்துக்கு வருஷம், சில சமயம் வாரத்துக்கு வாரம் மாறும். கிளம்பற அன்னிக்குக் காலையில மீன்வளத் துறையோட அறிவிப்பைப் படிச்சுட்டுக் கிளம்புங்க. நண்பன் சொன்னான்னு போகாதீங்க. நண்பன் அபராதம் கட்ட மாட்டான்.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அதுக பாவம் வெயிலுக்கு ஒதுங்கி நிக்குதுக. தண்ணிப் பந்தல்ல நிக்கறவன் மடியில கை உடறவனாட்டம் நீ"ன்னுச்சு.

ஆகஸ்ட் 27

போனேன். மறைக்க என்ன இருக்கு.

ஆனா இந்தத் தடவை முதல்ல பாட்டிலை இறக்கினேன், ராடு உறையிலயே இருந்தது. மேல்தண்ணி 18க்கு மேல இருந்தா நரம்பை நனைக்கறதில்லைன்னு எனக்கு நானே ஒரு கணக்கு. காலை 5.30க்கு 20. புளிசாதத்தைச் சாப்பிட்டுட்டு, நாப்பது படகு தக்கை போடறதை ரெண்டு மணி நேரம் வேடிக்கை பாத்துட்டு வந்தேன். பாக்கறப்போ ஒண்ணு புரிஞ்சது. மீன் எடுத்த படகு எல்லாம் ஒரே கோட்டுல இருந்தது. அந்தக் கோடு, ஆத்தோட பழைய வாய்க்கால் ஏரிக்கு அடியில போற தடம். கரையோரத் திட்டுல போட்டவங்க ஒருத்தருக்கும் இல்லை. நான் மூணு வருஷமா திட்டுலதான் போட்டிருக்கேன்னு நினைக்கறேன்.

கேள்வி கேட்டவரே, இதுவும் உங்களுக்குத்தான். ஆழம் மட்டும் போதாது, இடமும். ஆகஸ்ட் 5ல நான் அடிச்சுச் சொன்னதுல இது விட்டுப்போச்சு.

செப்டம்பர் 2

சாயம் பத்தி: இளஞ்சிவப்பு. சும்மா சொல்றேன். எல்லாரும் இளஞ்சிவப்பு போடறதால எல்லாரும் இளஞ்சிவப்புல பிடிக்கறாங்க.

செப்டம்பர் 15

மேல்தண்ணி 19. இன்னிக்கும் இல்லை. பானவில் அணையில மீன் ஏணிப் பக்கம் கண்ணாடி ஜன்னல் வெச்சு ஒவ்வொரு மீனா எண்ணறாங்க, தினமும் கணக்குப் போடறாங்க. ஆபீஸ்ல ஷேர் மார்க்கெட் பாக்கறவன் மாதிரி அதைத் திறந்து வெச்சுக்கிட்டு இருக்கேன். 2021ல வரத்து மோசமா விழுந்து, டெஷூட்ஸ்ல ஸ்டீல்ஹெட் தூண்டிலையே நிறுத்தினாங்க. அந்த வருஷம் ஜூன் 28 அன்னிக்குப் போர்ட்லாந்துல 46 டிகிரி தாண்டுச்சு, ஞாபகம் இருக்கும். அந்த வரத்து விழுந்ததுக்கு இந்த வெயிலே காரணம்னு சொல்ல வரலை, கடல்ல நடக்கறது பெரிய பங்கு. ஆனா 2015 மட்டும் சந்தேகமே இல்லாத வெயில் கதை. கொலம்பியாவுல ஏறின சாக்ஐ சால்மன் லட்சக்கணக்குல சூட்டுத் தண்ணியிலயே செத்து ஒதுங்குச்சு.

அக்டோபர் 3

லூயிஸ்டன் போறேன். ஐடஹோ. கிளியர்வாட்டர் ஆறு ஸ்னேக் ஆத்துல சேர்ற கூடுதுறை. கடல்ல இருந்து 465 மைல், நடுவுல எட்டு அணை. அங்கே இப்போ தண்ணி ஆறியிருக்கும். கிளியர்வாட்டர் முழுக்க ஐடஹோவுக்குள்ள, அதனால வாஷிங்டன் லைசென்ஸ் செல்லாது. ஐடஹோ லைசென்ஸும் ஸ்டீல்ஹெட் பர்மிட்டும் தனியா வாங்கியாச்சு. வெளிமாநிலத்தான் ரேட்டு. விலையை வீட்டுல சொல்லலை.

அக்டோபர் 12

லூயிஸ்டன்ல படகு வேண்டாம். ஊரைச் சுத்திக் கரை கட்டியிருக்காங்க. 1975ல லோயர் கிரானைட் அணை வந்தப்போ தண்ணி ஊருக்குள்ள வராம இருக்கப் போட்ட கரை. மேல நடைபாதை, கீழ கருங்கல் அடுக்கு. கல்லுல நின்னு வீசலாம். காத்து திரும்பினா காகித ஆலை வாடை. பத்து நிமிஷத்துல மூக்கு பழகிடும்.

பாட்டிலை ரெண்டு ஆத்துலயும் விட்டுப் பாத்தேன். கிளியர்வாட்டர் 12, ஸ்னேக் 17. ஸ்னேக் மேல இருக்கற பெரிய நீர்த்தேக்கங்க கோடைச் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு இலையுதிர்காலத்துலதான் மெதுவா விடும், அதனால அது ஆற நாளாகும். கிளியர்வாட்டர் தெளிவு, பச்சைக் கண்ணாடி. ஸ்னேக் டீத்தண்ணி. ரெண்டும் சேர்ற இடத்துல வரப்பு கண்ணுக்கே தெரியும், நுரையும் இலையும் ஒரே வரிசையில போகும்.

இங்கேயும் கோடையில குளிர் உண்டு, ஆனா அது ஆத்தோட சொந்தக் குளிர் இல்லை. மேல கிளியர்வாட்டரோட வடக்குக் கிளையில டுவோர்ஷாக் அணை. 717 அடி உயரம், 1973ல முடிஞ்சது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்ல அணையோட ஆழத்துல இருந்து குளிர்தண்ணியை எடுத்து விடறாங்க, கீழ ஸ்னேக் 20 டிகிரியைத் தாண்டாம இருக்கறதுக்காக. அந்த அணையில மீன் ஏணி கிடையாது. கிளியர்வாட்டருக்குன்னே இருக்கற பெரிய ஸ்டீல்ஹெட்டுக்கு வடக்குக் கிளைதான் தாய்வீடு. அந்த வழி மூடிப்போச்சு. அதுக்கு ஈடா 1969லயே கீழ ஒரு குஞ்சுப் பண்ணை. வீட்டைப் பிடுங்கின அணையே வாசல்ல நின்னு தண்ணி ஊத்துது. இதை எந்தப் பக்கம் சேர்க்கறதுன்னு கல்லுல உக்காந்து ரொம்ப நேரம் யோசிச்சேன். மீன் கடிக்காததால நேரம் இருந்தது.

பகல் பூரா ஒண்ணும் இல்லை. இருட்டின பிறகுதான் ஊர்க்காரங்க வந்தாங்க, மடக்கு நாற்காலியும் காபி பிளாஸ்க்குமா. இங்கே ராத்திரித் தக்கைக்குள்ள குட்டி பேட்டரி விளக்கு, சிவப்பு, பச்சை. கறுப்புத் தண்ணியில முப்பது நாப்பது மிதந்து போச்சு. ஆடிப்பெருக்கு அன்னிக்குக் கூடுதுறையில வாழைமட்டையில விளக்கு விடுவோம், அதேதான், கையில நரம்பு கட்டியிருக்கறது மட்டும் வித்தியாசம். மீன் எடுக்கும்போது விளக்கு அணையாது. எரிஞ்சுக்கிட்டே உள்ளே இறங்கும். பச்சை வெளிச்சம் முதல்ல சுருங்கும், அப்புறம் கலங்கலா விரியும், அப்புறம் ஆழத்துல ஒரு புகை. அதைப் பாத்துக்கிட்டே இருந்ததுல என் முதல் மீனை வெட்ட மறந்தேன். பக்கத்து நாற்காலி அம்மா சத்தம் போட்ட பிறகுதான் கை போச்சு. இறால் தலை மட்டும் வந்தது.

ரெண்டாவது 10.20க்கு. முடிச்சு 11 அடியில. மூணு நிமிஷத்துல கரைக்குக் கொண்டுவந்தேன், இந்தத் தடவை கொஞ்சிக்கிட்டு நிக்கலை. தலைவிளக்குல முதுகைப் பாத்தேன். துடுப்பு இருந்த இடத்துல வழவழன்னு ஒரு தழும்பு. பண்ணை மீன். 31 அங்குலம். கைக்கு எட்டற எல்லாத் தண்ணியும் ஒரே குளிர், மீனும் தண்ணியும் ஒரே குளிர், என் விரலும்.

அக்டோபர் 13

திருத்தம். 31 அங்குலம்னா 78.7 சென்டிமீட்டர். பெரிய ரகம்னு கணக்குல எடுக்க 78 சென்டிமீட்டர்தான் கோடு. அதனால "பெரிய ரகம் பிடிச்சேன்"னு சொல்லிக்கலாம், மயிரிழையில. டேப்பைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சேனாங்கற கேள்விக்கு இங்கே பதில் கிடையாது.

இன்னொருத்தர் கேட்டதுக்கு: ஆமா, லூயிஸ்டனும் எதிர்க்கரை கிளார்க்ஸ்டனும் பசிபிக் கடலுக்கு வழி தேடிப் போன அந்த லூயிஸ், கிளார்க் பேருதான். 1805 அக்டோபர் 10 அன்னிக்கு அவங்க இந்தக் கூடுதுறைக்கு வந்து சேர்ந்தாங்க. நெஸ் பெர்ஸ்ங்கற பூர்வகுடி ஜனங்களுக்கு அது வீட்டு வாசல்.

அக்டோபர் 20

சமைச்சது பத்திக் கேக்காதீங்கன்னு சொன்னாலும் கேக்கறீங்க.

புளிக்குழம்பு வெச்சோம். தப்பு. சதை ஆரஞ்சு நிறம், சால்மனை விட எண்ணெய் கம்மி, குழம்புல ரெண்டு கொதிக்கே உதிர்ந்து போச்சு. கரண்டியில மீன் வரலை, மீன் இருந்ததுக்கான அடையாளம் வந்தது. மறுநாள் மிச்சத்தை மிளகு, மஞ்சள், கொஞ்சம் அரிசிமாவு தடவி, தோலோட கல்லுல போட்டோம். தோல் மொறுமொறுன்னு எழும்பி வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ரெண்டு துண்டு கொடுத்தேன். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எத்தனை நிமிஷம்?"னார். மூணுன்னேன். தலையை ஆட்டிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டார்.

அக்டோபர் 21

ஃப்ரிட்ஜ்ல சாயம் போட்ட இறால் டப்பாவைத் தயிருக்குப் பக்கத்துல வைக்காதீங்க. விளக்கம் வேண்டாம்.

நவம்பர் 2

கேள்வி கேட்டவர் மூணு மாசம் கழிச்சு வந்து படம் போட்டிருக்கார். நல்ல மீன். தண்ணி கலங்கல், பின்னாடி பாலம், கையில உறை. வாழ்த்துகள். கீழ நாலு வரியில இறால் எந்தக் கடை, என்ன சாயம், எத்தனை மணி, யாரு கூட வந்தா எல்லாம் எழுதியிருக்கீங்க.

முடிச்சு எத்தனை அடியில இருந்துச்சுங்க?